மேடாகிப்போன கடைமடை

ஜனவரி 19
மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது நிலம் ஆடியது. நடுத்தரம் என்றது வானொலி. நிலநடுக்கத்துக்குப் பேர்போன மெந்தோசாவில் பிறந்தவனுக்கு இதெல்லாம் புரண்டு படுக்கும் சமாசாரம்; ஆனாலும் முற்றத்துக்கு ஓடினேன். சமையலறைச் சுவரில் ஒரு கீறல், மாத்தே இலைக் கஷாயம் போடும் கெட்டில் தரையில். வேலிக்கு அப்பாலிருந்து தங்கை தெலியா குரல் கொடுத்தாள்: "அண்ணே, உயிரோட இருக்கீங்களா, இல்ல பங்கு பிரிக்கலாமா?" அவள் கணவன் அபெலார்தோ சிரித்தது கேட்டது.

ஜனவரி 26
முறைத்தண்ணீர் நாள். வாய்க்கால் மச்சானின் திராட்சைத் தோட்டத்தைத் தாண்டித்தான் என் மடைக்கு வரும். எப்போதும் கடைசி வரிசைவரை பாயும். இன்று பாதியிலேயே நின்றுவிட்டது. மலையிலிருந்து உருகிவரும் பனி குறைவோ?

பிப்ரவரி 2
பனியெல்லாம் குறையவில்லை. இன்றும் பாதிதான். கரையோடு நடந்துபோய்ப் பார்த்தேன் — அபெலார்தோவின் கீழ்வரிசைகளில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கி நிற்கிறது. கேட்டால், "நானே உன்னைக் கேக்கணும்னு இருந்தேன் மச்சான்" என்கிறான். என்ன நெஞ்சழுத்தம்.

பிப்ரவரி 3
அவன் புது மண்வெட்டி வாங்கியது எதற்கு?

பிப்ரவரி 9
கடைமடை மல்பெக் திராட்சைக் கொடிகளில் இலை சுருண்டுவிட்டது. அப்பா நட்டவை. இன்னும் ஓரிரு முறை தப்பினால் வேர்வரை காய்ந்துவிடும், அப்புறம் அறுவடை ஏது? நீர்ச் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குத் தெலியா வீட்டுக்குப் போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 17
சங்கத்திலிருந்து மட்டக்கருவியோடு ஒரு பெண் வந்தாள். நிலவியல் படித்தவளாம், பெயர் மாரிசா.

"ரெண்டு புகார் வந்திருக்கு. அவர் தண்ணி திருடுறார்னு நீங்க. நீங்க மண்ணைப் போட்டு அடைச்சு அவர் கொடியை அழுக வைக்கிறீங்கன்னு அவர்."

நானா? என் தண்ணீரை நானே அடைப்பேனா?

வாய்க்கால் வெட்டிய காலத்தில் நட்ட கற்களை வைத்து அளந்தாள். "உங்க நிலம்தான் எழும்பியிருக்கு. அடியில ஒரு பிளவு இருக்கு. ஆத்து மண்ணும் கூழாங்கல்லும் அவ்வளவு ஆழத்துக்கு மேல மூடிக் கிடக்கறதால கண்ணுக்குத் தெரியாது. அன்னைக்கு நிலநடுக்கத்துல அது நகர்ந்தப்ப உங்க பக்கம் மேடாயிடுச்சு."

"தரையில வெடிப்பே இல்லியே."

"வெடிக்காது. மேல் மண்ணு வளைஞ்சு கொடுக்கும், அவ்வளவுதான்."

அபெலார்தோ பிடித்து அனுப்பிய ஆளோ என்று தோன்றியது. அவள் போனபின் மடைக்கு இந்தப்பக்கம் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். கொஞ்சம் தயங்கி நின்று, மச்சான் பக்கம் ஓடியது. இன்னொரு வாளி ஊற்றினேன். அதுவும் அங்கேயே.

பிப்ரவரி 20
புது வாய்க்காலை இன்னும் மேட்டிலிருந்து கொண்டுவர வேண்டுமாம். அபெலார்தோவின் கொடி வரிசை ஒன்றைப் பிடுங்கினால்தான் வழி. இவ்வளவுக்கும் பிறகு அவன் ஏன் சம்மதிக்க வேண்டும்? நானாக இருந்தால் மாட்டேன்.

பிப்ரவரி 22
சம்மதித்துவிட்டான். ஒரே நிபந்தனை: மடைக்கு இரண்டு பூட்டு, ஒன்று அவனுடையது, ஒன்று என்னுடையது. "நீ இல்லாம நான் திறக்க முடியாது, நான் இல்லாம நீ திறக்க முடியாது. நிம்மதியா தூங்கு மச்சான்." இதில் என்ன சூது இருக்கும்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

மார்ச் 2
கடைசி வரிசை நனைந்தது. அழுதுவிட்டேன். அபெலார்தோ பார்க்காதவன் மாதிரி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

மார்ச் 9
மடையைத் திறந்துவிட்டு இருவரும் நின்றிருந்தபோது மறுபடி ஆடியது, லேசாக. ஒருவரையொருவர் பார்க்கவில்லை, இரண்டு பேரும் குனிந்து தண்ணீரைத்தான் பார்த்தோம். என் பக்கமே ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் தன் பூட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "இனி இது எதுக்கு? ஞாயித்துக்கிழமை சாப்பிட வா, தெலியா சொல்லச் சொன்னா" என்று போய்விட்டான்.

போவேன். என் பூட்டை மட்டும் மடையிலேயே மாட்டிவிட்டு, சாவியை எடுத்து வந்திருக்கிறேன்.