மடியில் இருந்த ஹெல்மெட்

அன்புள்ள அம்மா,

பனியில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம்.

சீசன் முழுக்க ஜெயித்த எங்கள் கல்லூரி அமெரிக்க ஃபுட்பால் அணி பிளேஆஃப் அரையிறுதியில் தோற்றது. பழி என்மேல். தலை மோதி விழுந்த எங்கள் முக்கிய ஆட்டக்காரன் கோல்பிக்கு இது எந்த ஊர் என்றே தெரியவில்லை. அணியில் காயம் பார்ப்பவள் நான். வழக்கப்படி அவன் ஹெல்மெட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அது இல்லாமல் களமிறங்க முடியாது.

"ஹெல்மெட்டக் குடும்மா," என்றார் பயிற்சியாளர்.

"ஊர் பேரே தெரியல சார் அவனுக்கு."

"ஊர் எதுக்கு? பந்து தெரியுதுல்ல?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேலிக்கு அப்பாலிருந்து அவன் அப்பாவே கத்தினார்: "என் புள்ளைய இறக்கு. நீ யாரு தடுக்க?"

கடைசிவரை கொடுக்கவில்லை. யார் ஜெயிக்கிறார்கள் என்று கோல்பி திரும்பத் திரும்பக் கேட்டான்.

மாடியறை ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்து வை. கல்லூரித் தலைமை அலுவலகத்தில் இதை விசாரிக்கக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் மார்லீன்