வெள்ளையடித்த துத்தநாகம்

நாள் 3. காலை 6.10
டெல்லு, உன் பதிவேட்டில்தான் எழுதுகிறேன். நீ எழுதுகிற மாதிரியே. கடலடிக் கூடம்: எண் இரண்டு. ஆள்: சமையல்காரி ஒருத்தி. காற்று: நாலு நாளைக்கு. பேட்டரி செத்துவிட்டது. நாள் கணக்கு லேப் மூழ்கியதிலிருந்து.

அது சாகும் முன் கேபிள் போனில் கேட்டது, சூப்பர்வைசர் அதிசயராஜ் கரையிலிருந்து மூன்றாம் கூடத்துக்குச் சொன்னது: "அந்த டெல்பின் புள்ள வால்வ மூடாம விட்டுட்டா. லேப் மூழ்கிட்டு. அவளும் போயிட்டா, அவ அம்மாவும் போயிட்டா."

நான் போகவில்லையடா, பாவி.

நாள் 3. பகல் 1.40
கண்ணாடி வழியே லேபைப் பார்த்தேன். வால்வு மூடித்தான் இருக்கிறது. சுவர்தான் துருப்பிடித்து அப்பளம்போல் உடைந்திருக்கிறது. உன்னையும் பார்த்தேன். அதை எழுத மாட்டேன்.

சுவருக்கு வெளியே துத்தநாகக் கட்டைகள். கடல்தண்ணீரில் இரும்புக்குப் பதிலாக அவை கரைய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறாய். அதிகாரிகள் கேமராவில் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கணும் என்று, மாட்டும் முன் எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கச் சொன்னான் அந்த மடையன் அதிசயராஜ். மூடிவைத்தால் எப்படிக் கரையும்? இரும்பு கரைந்தது.

மூன்றாம் கூடத்திலும் அதே கட்டைகள். அங்கே ஒன்பது பேர். சொல்லியாக வேண்டும்.

நாள் 4. காலை 9.00
போனுக்குப் பேட்டரி செய்யும் வழி உன் பதிவேட்டில் இருக்கிறது. மிச்சக் கட்டை ஒன்று ஸ்டோரில் இருந்தது. பெயிண்டைச் சுரண்டிப் பன்னிரண்டு துண்டாக அறுத்தேன். கை கிழிந்தது. ஒரு டம்ளரில் உப்புத்தண்ணீர், துத்தநாகம். பக்கத்து டம்ளரில் செம்பு உப்பான மயில்துத்தம் கரைத்த தண்ணீர், தாமிரக் குழாய்த் துண்டு. இப்படிப் பன்னிரண்டு ஜோடி. கம்பியால் இணைத்தேன். மீட்டர் முள் அசையவில்லை. கத்தினேன்.

நாள் 4. மாலை 4.25
உப்புத்தண்ணீரில் நனைத்த துணியை இரண்டு டம்ளருக்கும் பாலமாகப் போடணுமாம். உன் பக்கத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை நான். போட்டதும் முள் பன்னிரண்டு வோல்ட்டைத் தாண்டியது.

துத்தநாகம் எலக்ட்ரானை விட்டுவிட்டுக் கரைகிறது. அது ஆக்சிஜனேற்றமாம். அங்கே ஆக்சிஜனுக்கு வேலையே இல்லை, யார் வைத்த பேரோ! அந்தப் பக்கம் மயில்துத்தத் தண்ணீர் அதை வாங்கிக்கொள்கிறது, குழாயில் செம்பு படிகிறது. அது ஒடுக்கம். இங்கே இழந்தால்தான் அங்கே ஏறும்.

நாள் 5. காலை 7.15
பேசினேன்.
"மூணாம் கூடமா? ரெண்டாம் கூடத்து அருளி பேசுதேன்."
"யக்கா! நீங்க செத்துட்டதாச் சொன்னாவ!"
"செத்தவளே பேசுதேன், கேளு. ஒங்க கட்டையெல்லாம் பெயிண்டு. சுவர் தாங்காது. ஏறிருங்க மேல."
"அதான் மூலையில கசியுதா? எந்தக் கூமுட்டை, யக்கா, கட்டைக்குப் பெயிண்டு அடிச்சது?"
"நான்தான்."
அந்தப் பக்கம் மற்றவர்களைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.
"நாங்க எங்க கூண்டுல ஏறுதோம்க்கா. ஒங்க கூண்டு லேபோட போச்சே, ஒங்களுக்குக் கப்பல் வர மூணு நாளாவுமே."
"வால்வு மூடித்தான் இருக்குன்னு கரையில சொல்லு. மொதல்ல அதச் சொல்லு."

நாள் 6. காலை
துத்தநாகம் ஊசியாகிவிட்டது. மீட்டர் இறங்குகிறது. தலை கனக்கிறது.

பழைய பக்கங்களைப் புரட்டினேன். கட்டை மாட்டிய தேதியில் புகார் எழுதியிருக்கிறாய்: கட்டைகளுக்குப் பெயிண்ட், ஆபத்து, உடனே கழற்றவும். அடுத்த வரி, அடித்தவர் பெயர். முதலெழுத்து மட்டும், அ. பிறகு முழுப் புகாரையும் குறுக்கே கோடு போட்டு அடித்திருக்கிறாய்.

டெல்லு, அம்மாவுக்கு வேலை போய்விடும் என்றா அடித்தாய்?