மூன்றாம் அறைக் கதவு

மார்ச் 3
ஒருவழியாக முதலாளி தலையாட்டினார். குளிர்கிடங்கின் மூன்றாம் அறையை மட்டும் மைனஸ் பதினெட்டிலிருந்து மைனஸ் பதினைந்துக்கு ஏற்றிப் பார்க்கலாம். உள்ளே இருப்பது உறைந்த பட்டாணி. வாங்குகிற கம்பெனிக்கும் சம்மதம். இப்போது அந்த அறைக்கு நாளொன்றுக்கு 260 யூனிட் மின்சாரம். இருபது நாளில் குறைந்தால் நான்கு அறைகளுக்கும் இதே ஏற்பாடு. குறையாவிட்டால்? "அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதும்மா." இரண்டு வருடம் அவர் பின்னால் நாயாய் அலைந்ததற்கு இதாவது கிடைத்ததே.

மார்ச் 7
268. ஏறியிருக்கிறது!

மார்ச் 8
வேறு மீட்டர் மாட்டிப் பார்த்தேன். மீட்டரில் கோளாறு இல்லை. எனக்குத்தான் மண்டை காய்கிறது.

மார்ச் 11
கண்டுபிடித்துவிட்டேன். கதவு! இடுக்கில் ஒரு காலிப் பெட்டியைச் செருகி, ஒரு சாண் திறந்தே வைத்திருக்கிறார்கள். வெயில் ஏற ஏறச் சூடாகிற வெளிக்காற்று புகுந்து குளிர்க்குழாய் முழுக்கப் பனி. மெஷின் மூச்சுமுட்ட ஓடாமல் என்ன செய்யும்? பெட்டியைத் தூக்கி எறிந்தேன். சுமை ஏற்றுபவர்களின் மேஸ்திரி அதை எடுத்து ஓரமாக வைத்தார். வெயிலிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றாத மனிதர். எல்லோருக்கும் அவர் கம்பளியண்ணன்.

மார்ச் 12
பெட்டி திரும்ப வந்துவிட்டது.

மார்ச் 14
நோட்டீஸ் ஒட்டினேன். அதற்குக் கீழேயே பெட்டி. வீட்டில் இவரிடம் புலம்பினால், "அந்தப் பெட்டி உனக்குச் சக்களத்தி மாதிரி ஆயிடுச்சு" என்று சிரிக்கிறார். சிரிக்கிற விஷயமா இது?

மார்ச் 17
எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். "எத்தனை தடவ சொல்றது? என் உழைப்புல ஏண்ணே மண்ணள்ளிப் போடறீங்க?"

கம்பளியண்ணன் நிதானமாகச் சொன்னார்: "மேடம், ஒரு தடவ உள்ள போய் நில்லுங்க. நான் கதவச் சாத்தறேன்."

வீம்புக்குப் போனேன். சாத்தினார். உள்ளேயிருந்து திறக்கும் குமிழைத் தள்ளினேன். சும்மா உள்ளே போய்வருகிறது, கதவு அசையவில்லை. மறுபடியும் தள்ளினேன். தட்டினேன் - அந்தத் தடித்த கதவில் நான் தட்டுவது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அரை நிமிடம்கூட இருக்காது, அவரே திறந்துவிட்டார்.

"போன வருஷம் நம்மாளு ஒருத்தன் கால் மணி நேரம் உள்ள கெடந்தான் மேடம். அன்னிக்கே எழுதிக் குடுத்தோம். பதிலே வரல. அதான் பெட்டி."

யாரிடம் கொடுத்தார்கள்? தேடினேன். பராமரிப்பு என் பொறுப்பாயிற்றே, என் கோப்பில்தான் இருந்தது. ஓரத்தில் 'அவசரமில்லை, பிறகு' - என் கையெழுத்து. சீ! அந்த ஆள் செத்திருந்தால்?

மார்ச் 18
குமிழை மாற்றியாயிற்று. இரண்டு மணி நேர வேலை. இரண்டே மணி நேரம்!

மார்ச் 23
குழாயில் படிந்த பனி இன்னும் முழுக்கக் கரையவில்லை, மீட்டரும் இறங்கவில்லை. இன்னும் இருபது நாள் கேட்டேன். காரணத்தை மறைக்கவில்லை, அந்தத் தாளையே மேஜையில் வைத்தேன். முதலாளி படித்தார். "கதவையே பாக்காதவங்க, டிகிரிய ஏத்தணும்னு வந்தீங்களாக்கும்?" தாளை மடித்து எடுத்துக்கொண்டேன். எல்லாம் பழையபடி மைனஸ் பதினெட்டு. கோபம் வருகிறது, யார்மேல் காட்டுவது?

மார்ச் 27
மூன்றாம் அறைக் கதவு மூடியிருந்தது. கம்பளியண்ணன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இன்னொரு பெட்டியை என் பக்கம் தள்ளினார். உட்காரும் முன் மீட்டரைப் பார்த்தேன்.

மைனஸ் பதினெட்டிலேயே 219.

யாரும் கேட்கவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.