அம்மாவுக்கு ஹண்டிகப் முப்பத்திநான்கு

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

அன்புள்ள பிள்ளை ரூபிகாவுக்கு,

இங்கே நானும் தங்கச்சியும் சுகம், அப்பாவும் திருகோணமலையில் சுகம், அங்கே நீயும் மருமகனும் வயிற்றில் இருக்கிற குஞ்சும் ஒரு குறையுமில்லாமல் இருக்கப் பிள்ளையாரை மன்றாடுகிறேன். இவ்வளவும் அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. அக்கா, அம்மாவின் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருப்பதால் பேனை மிதுனாவாகிய என் கையில் இருக்கிறது. அம்மா சொல்வதையும், அம்மா சொல்லாமல் விட்டு நான் கண்ணால் கண்டதையும், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகப் பதிவுசெய்வேன் என்று முதலிலேயே அறிவித்துவிடுகிறேன். அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். "ஓம், பொலிஸில வாக்குமூலம் எழுதுற மாதிரி எழுது, ஆனா எழுத்துப் பிழை விடாதை" என்றார்.

முதலில் என்னுடைய பிழை. போன புதன்கிழமை குடும்பக் குழுவில் "அம்மாவுக்கு இருபத்தெட்டு வருசத்துக்குப் பிறகு திரும்பவும் ஹண்டிகப் வந்திட்டுது, 34" என்று போட்டது நான்தான், சந்தோஷத்தில் ஒரு விளக்கமும் எழுதாமல் போட்டுவிட்டேன். ஹெந்தளையில் இருந்து நாகேஸ்வரிப் பெரியம்மா விரல் மடக்கி இருபத்தெட்டு வருடம் பின்னுக்கு எண்ணிப் பார்த்திருக்கிறார், அது நீங்கள் பிறந்த வருடம், அப்போது அம்மா இடுப்பு அசைக்க முடியாத நாரிப்பிடிப்பால் மூன்று மாதம் படுக்கையில் இருந்தவராம். ஹண்டிகப் என்றால் ஊனம், ஆகவே அதுதான் திரும்பி வந்துவிட்டது, டொக்டர்மார் முப்பத்திநாலு வீதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, எங்களைக் கேட்காமல் நேரே கனடாவுக்கு உங்களுக்குப் போன் எடுத்துவிட்டார். நீங்கள் வீடியோவில் வந்தபோது அம்மாவின் கையில் கட்டுப் போட்டிருந்ததையும் கண்டுவிட்டீர்கள். "அம்மா நீங்கள் ஒரு வருசம் வந்து நிக்க எண்டு இனி வெளிக்கிடவே வேண்டாம், ரெஸ்ட் எடுங்கோ, பிள்ளையைப் பாக்க இஞ்ச நாங்கள் ஆரையாவது பாத்துக்கொள்ளுறம்" என்று அழுதீர்கள். பக்கத்தில் நான் நின்றேன். அம்மா "சரி பிள்ளை" என்று மட்டும் சொன்னார். ஏன் உள்ளதைச் சொல்லவில்லை என்று பிறகு கேட்டதற்கு, தேத்தண்ணி ஆறுகிறது என்று குசினிக்குள் போய்விட்டார். அது நடந்து நான்கு நாள்.

அம்மாவுக்கு நாரியில் ஒன்றும் இல்லை. அந்த ஹண்டிகப் கொல்ஃப் விளையாட்டில் வருவது, திறமான ஆட்டக்காரரைவிட நாங்கள் எத்தனை அடி கூடுதலாக எடுப்போம் என்று கணித்து கிளப் கொடுக்கிற எண், அது இல்லாதவர்கள் போட்டிக்குப் பெயர் கொடுக்க முடியாது. அம்மாவின் அலுமாரிக்கு மேலே பச்சைப் பை ஒன்று கிடந்ததே, ஒருமுறை கூரைப் பீலியில் சிக்கின இறகுப்பந்தை எடுக்க நீங்கள் அதில் இருந்து ஒரு தடியை உருவினதாக அப்பா சொல்லுவார், அதுதான் பை. தாத்தா நுவரெலியா ஆஸ்பத்திரியில் டொக்டராக இருந்தபோது பத்து வயதில் அம்மா பழகியது, பிறகு கொழும்பில் வேலைக்கு வந்து இந்த கிளப்பில் சேர்ந்து, நீங்கள் வயிற்றில் நான்கு மாதம் ஆகும்வரை ஆடியிருக்கிறார். பிறகு நீங்கள், பிறகு அப்பாவின் இடமாற்றங்கள், பிறகு நான். ஒருநாளும் எங்களிடம் இதைப் பற்றிக் கதைத்ததில்லை. ஏன் என்று இப்போது கேட்டேன். "ஆர் கேட்டவை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதையும் எழுதுகிறேன்.

நீங்கள் போய், அப்பாவும் இடமாற்றத்தில் திருகோணமலைக்குப் போன பிறகு இந்த வீட்டில் பகல் எப்படி இருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை அக்கா. நான் காலை ஆறரைக்கு வெளிக்கிட்டால் ரியூசன் முடிந்து வர ஆறு மணி ஆகும், அப்பா இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவார். போன தைப்பொங்கல் விடுமுறையில் காய்ச்சலோடு படுத்திருந்தபோதுதான் கேட்டேன், யாரோ ஒரு சிங்களப் பெண் இலக்கம் பிழைத்து எங்கள் தொலைபேசிக்கு எடுத்துவிட்டார், அம்மா பிழையான இலக்கம் என்று சொல்லி வைக்காமல் அவரோடு மழையைப் பற்றிப் பத்து நிமிடம் கதைத்துக்கொண்டிருந்தார். வைத்த பிறகு அந்தத் தொலைபேசியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, அது இருந்த இடத்திலேயே நேராக வைத்தார். அந்த மாதம்தான் கிளப்பில் இருந்து கடிதம் வந்தது. பங்குனி முடிவதற்குள் மூன்று அட்டை கொடுக்காவிட்டால் ஆடுகிறவர்களின் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று இருந்தது.

அட்டை என்றால் பதினெட்டுக் குழிக்கும் எத்தனை அடி என்று எழுதுவது. ஆனால் தனியே ஆடி எழுதிக் கொடுக்க முடியாது, கூட ஆடின ஒருவர் பார்த்து ஒப்பம் வைக்க வேண்டும், அதுதான் சட்டம். பெண்கள் ஆடுகிறது செவ்வாய்க்கிழமை காலையில், நான்கு நான்கு பேராக, ஒவ்வொரு கூட்டமும் வருடக்கணக்காக ஒன்றாக ஆடுகிறது, புதிதாக ஒருவருக்கு இடமில்லை. ஒருவரும் அம்மாவை அவமதிக்கவில்லை, எல்லாரும் சிரித்து, அடுத்த கிழமை பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா முதல் குழிக்குப் பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். அப்படி மூன்று செவ்வாய். மூன்றாவது செவ்வாய் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, நானும் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன், ஆறரையில் இருந்து ஒன்பது மணிவரைக்கும் அம்மா இடது கையுறையைக் கழற்றவே இல்லை.

அப்போதுதான் பைறோஸா அன்ரி வந்தார், கொள்ளுப்பிட்டிக்காரர், அறுபத்தைந்து வயது இருக்கும். "என்ன புள்ள, வந்த நேரம் தொட்டு கையுறையோட ஈக்கிறீங்க, யார்ட கன்னத்துல அறைய" என்று கேட்டார். அவரோடு ஆடின மூவரில் இருவர் காலமாகிவிட்டார்கள், மற்றவர் மகனோடு இருக்க இலண்டனுக்குப் போனவர் திரும்பவில்லை. "நாலு பேர் நிண்ட இடத்துல நான் ஒத்தையா நிக்கிறேன், வாங்க, ரெண்டு ஒத்தை சேந்தா ஒரு ஆட்டம்" என்றார். பையைச் சுமக்க வந்தவர் ஜயசிறி, தலை முழுக்க நரைத்தவர், அந்தக் காலத்தில் அம்மாவின் பையைத் தூக்கினவராம். அம்மாவைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு "ஆயெத் ஆவத நோனா" என்று கேட்டார், திரும்பவும் வந்தீர்களா என்று. அம்மா "ஆவா", வந்தேன், என்றார். பிறகு துவாயை எடுத்து முகம் துடைத்தார், அவ்வளவு வியர்வை அந்த நேரத்தில் இல்லை.

மூன்றாவது அட்டை போன செவ்வாய், அன்று எனக்குப் பள்ளிக்கூடம், இது அம்மா சொல்லக் கேட்டது. பதினோராவது குழியில் பந்து உயரமான புல்லுக்குள் கிடந்தது, அம்மா தடியைப் பக்கத்தில் வைத்ததும் புல் அசைந்து பந்து ஒரு விரற்கடை உருண்டது. அப்படி உருண்டால் ஒரு அடி தண்டனை. அம்மா பந்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்து, எனக்கு ஒன்று கூட்டுங்கோ என்றார். அந்த நேரம் மைதானத்துக்குள்ளால் ஒரு ரயில் போனது, பைறோஸா அன்ரி சிரித்தார். "யாரு கண்டா புள்ள? நான் காணல்ல, ஜயசிறி காணல்ல, அந்தா ரயில்ல போறவனும் காணல்ல" என்றார். "நான் கண்டனான்தானே அக்கா" என்றார் அம்மா. ஏழு எட்டாயிற்று. பதினேழாவதில் புல்லுக்குள் மறைந்திருந்த மர வேரில் அடித்துத்தான் மணிக்கட்டு பிசகியது, கடைசிக் குழியை இடது கையாலேயே தட்டித் தட்டி முடித்தார், ஒப்பமும் இடது கையால். அடுத்த நாள் எண் வந்தது, முப்பத்திநான்கு. ஒருகாலத்தில் பதினெட்டாக இருந்ததாம், எண் குறையக் குறையத்தான் ஆட்டம் திறம். ஆனாலும் அம்மா அந்த மின்னஞ்சலை என்னைக்கொண்டு இரண்டு முறை வாசிப்பித்தார்.

யாரும் காணாத ஒரு அடியைக் கூட்டினவர், அடுத்த நாளே உங்களிடம் வாய் திறக்காமல் இருந்தது எனக்கு விளங்கவில்லை. நேற்று பெரியம்மா எண்ணெய்ப் போத்தலும் கோயில் திருநீறும் கொண்டு வந்து, நான் உள்ளதைச் சொன்னதும் கதிரையில் இருந்து எழும்பிவிட்டார். "அடி, மகள் பிள்ளை பெறப் போறாள், நீ தடியும் கையுமாப் பந்துக்குப் பின்னால திரியிறியோ" என்றார். கொஞ்சநேரத்தில் குரல் இறங்கிவிட்டது. "சரி, நடந்தது நடந்திட்டுது. நாரி வருத்தம் எண்டே இருக்கட்டும், நான் ஒண்டும் சொல்லமாட்டன். அவளின்ர மனமும் நோகாது, நீயும் நினைச்சதைச் செய்யலாம்" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினார். இன்று பகல் முழுவதும் பல்கனியில் இருந்து ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாலு மணிக்குக் காகிதம் எடு என்றார். போனில் சொல்லலாமே என்றேன். "அவளின்ர குரலைக் கேட்டால் நான் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவன், எழுது" என்றார்.

இனி அம்மா சொன்னபடி. "பிள்ளை, என்ர நாரி நல்லாயிருக்கு. கையும் மூண்டு கிழமையில சுகமாயிடும். வர ஏலாமல் இல்லை. நீ கேட்ட மாதிரி ஒரு வருசம் வந்து நிக்க எனக்கு விருப்பமில்லை." விருப்பமில்லை என்பதை வெட்டி வசதியில்லை என்று எழுதச் சொன்னார், எழுதினேன். பிறகு அதையும் வெட்டி, முதல் எழுதினதையே எழுதச் சொன்னார், அந்த வெட்டுகளை நீங்கள் தாளில் காண்பீர்கள். "உன்னை வளர்த்த காலத்தை நான் நட்டம் எண்டு ஒருநாளும் நினைக்கேல்லை. உனக்கு வயித்துக்குத்து வந்த மூண்டு மாசமும் இரவிரவா உன்னைத் தோளில போட்டுக்கொண்டு இந்தக் கூடத்தில நடந்தனான், அந்த நடையும் எனக்குப் பிடிச்சதுதான். இப்ப இஞ்ச நடக்க ஆரும் இல்லை. செவ்வாய்க்கிழமை நாலு மணித்தியாலம் புல்லில நடந்திட்டு வந்தால், மற்ற ஆறு நாளும் இந்த வீட்டுக்குள்ள இருக்க ஏலுது. அங்க வந்தால் நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவியள், பனியில நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பன். அதை உன்னட்டைச் சொல்ல வெக்கமாயிருந்தது, அதுதான் வருத்தக்காரியா நாலு நாள் இருந்திட்டன். அது பிழை." இதைச் சொன்னபோது அம்மா என்னைப் பார்க்கவில்லை, கட்டின் நுனியைப் பார்த்தார்.

"பிள்ளை பிறக்கிற கிழமை வருவன். பத்தியச் சரக்கு அரைச்சுக் கறி வச்சுத் தருவன், முப்பத்தொண்டாம் நாள் துடக்குத் தீட்டுக் கழிச்சு, பேர் வச்சிட்டுத் திரும்புவன். அதுக்கு மேல என்னைக் கேளாதை." அது ஆவணி விடுமுறையில் வருவதால் நான் அப்பாவோடு இருக்கலாம், ஹெந்தளைக்கோ ஹொஸ்ரலுக்கோ போகத் தேவையில்லை. இதில் எனக்கும் ஒரு பக்கம் இருக்கிறது அக்கா, அம்மா ஒரு வருடம் போவதை நான் ஒருநாளும் விரும்பவில்லை, ஆகவே என் சாட்சியத்தில் அந்த அளவைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

மற்றப்படி, இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாமாம், தோடம்பழச் சாறோடு எடுக்க வேண்டுமாம். பனியில் இறங்கும்போது மருமகனின் கையைப் பிடிக்க வெட்கப்பட வேண்டாமாம். அப்பாவுக்குத் திருகோணமலையில் நுளம்புக்கடி, வேறு முறைப்பாடு இல்லை. பெரியம்மாவோடு கோபிக்க வேண்டாம், பிழை என் செய்தியில்தான். இனி அம்மா சொல்வது: உனக்கும் மருமகனுக்கும் குழந்தைக்கும் தலையில் கைவைத்து என் ஆசீர்வாதம், சுகப் பிரசவமாக வேண்டி முருகனுக்கு நேர்ந்திருக்கிறேன், அடுத்த ஸ்கான் எடுத்தவுடன் என்ன சொன்னார்கள் என்று மறக்காமல் அறிவி.

இப்படிக்கு,
உன் அம்மா,
பாலேஸ்வரி பொன்னம்பலம்

(ஒப்பம் இடது கையால் வைத்தது, அதனால்தான் சரிந்திருக்கிறது.)

ஒப்பம் வைத்த பிறகு, "அவள் கோவிச்சால் என்ன செய்யிறது" என்று அம்மா என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றே சொன்னேன். நாளைக் காலையில் இந்தத் தாள்களைப் போனில் படம் எடுத்து அனுப்புவதாகத்தான் இருந்தது. இப்போது ஏழே கால், நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கிற நேரம், கூடத்தில் தொலைபேசி அடிக்கிறது, நீங்கள்தான். அம்மா அதற்குப் பக்கத்தில் நிற்கிறார், எடுக்கவில்லை. "முதல் இதை அனுப்பு, வாசிச்சிட்டு அவள் எடுக்கட்டும்" என்கிறார். மணி நின்றுவிட்டது, இதை இப்போதே அனுப்புகிறேன். என் மேசை விளக்கைத் தவிர மற்ற விளக்குகளை எல்லாம் அம்மா அணைத்துவிட்டு, நீங்கள் திரும்ப எடுக்கும்வரை தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்.