அறை எண் மூன்றின் வானிலை அட்டையைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்
மழலையர் வகுப்பு ஆசிரியை,
அறை எண் 3, பின்கட்டடம்,
அரசு தொடக்கப் பள்ளி.

பெறுநர்
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம், முதல் தளம்.

பொருள்: ஐந்து வயதுக் குழந்தைகள் தயாரித்த வானிலை அட்டையைப் பள்ளி ஆய்வாளர் எடுத்துச் சென்றது – அட்டையைத் திரும்பப் பெறவும் வகுப்பறைக் கூரையைச் சரிசெய்யவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: விளக்கம் கேட்டு 17ஆம் தேதி எனக்கு வந்த குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ‘வானிலையும் பருவங்களும்’ பாடத்துக்காகத் தங்கள் அலுவலகம் அனுப்பிய சுற்றறிக்கை, குழந்தைகள் தம் கண்ணால் கண்டதை நாள்தோறும் பதிய வேண்டும் என்கிறது. அதை நான் அப்படியே நம்பிவிட்டேன். என் தரப்பில் நடந்த தவறு அது ஒன்றுதான்.

2. பெரிய அட்டை ஒன்றில் நாட்களுக்குக் கட்டம் போட்டோம். சூரியன், மேகம், குடை, காற்றாடி என்று படங்கள் வெட்டி வைத்தோம். தினமும் காலையில் ஒரு குழந்தை ஜன்னலில் எட்டிப் பார்த்து, உரிய படத்தை ஒட்டும். முதல் மழையன்று அந்தப் பொறுப்பு, வகுப்பே ‘வாயாடி’ என்று அழைக்கும் சிறுமியுடையது. அவள் குடைப் படத்தை ஒட்டிவிட்டு, கையில் இன்னொரு குடையோடு நின்றாள். “மிஸ், உள்ள பெய்யுறத எங்க ஒட்டணும்?” என்று கேட்டாள். அட்டையில் அதற்கு இடம் இல்லை. எனவே ‘வெளியே’, ‘உள்ளே’ என்று அட்டையை இரண்டு பத்தியாகப் பிரித்தேன்.

3. முப்பத்தொரு பள்ளி நாட்கள் இப்படிப் பதிந்தோம். வெளியே மழை தொடங்கி ஒரு பாடவேளை கழித்துத்தான் உள்ளே சொட்டத் தொடங்கும் என்பதையும், வெளியே வெயில் வந்த பிறகும் உள்ளே இரண்டு நாள் நிற்காது என்பதையும் குழந்தைகளே கண்டுபிடித்தார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு நான் அண்ணாந்து பார்த்ததில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

4. 12ஆம் தேதி ஆய்வாளர் வந்தார். முந்தைய இரவு மழை; அன்று காலை நல்ல வெயில். அட்டையில் வெளியே சூரியன், உள்ளே குடை. பாடத்திட்ட அட்டவணைப்படி மழைக்காலம் பத்தாம் தேதியோடு முடிந்துவிட்டதே, இன்னும் எதற்குக் குடை என்று கேட்டார். வாயாடி எழுந்து, “வெளிய முடிஞ்சிருச்சு சார். எங்க கிளாஸ்ல இன்னும் முடியல” என்றாள். வகுப்பு சிரித்தது. ஆய்வாளர் சிரிக்கவில்லை. “வீட்டுக்குள்ள மழை பெய்யும்னு சொல்லிக்குடுத்தா இதுங்க உருப்படுமா?” என்று என்னிடம் கேட்டபடியே தன் நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டார். பிறகு இன்னொரு முறை நகர்த்தினார். மூன்றாம் முறை நின்றுகொண்டே எழுதினார். எழுதி முடித்ததும் அட்டையைச் சுவரிலிருந்து கிழித்துச் சுருட்டி எடுத்துச் சென்றார்.

5. அவருடைய ஆய்வுக் குறிப்பின் நகலை இணைத்துள்ளேன். அதில் ‘அறை உலர்ந்த நிலையில் உள்ளது’ என்ற வரியில் மை கலைந்திருப்பதைத் தாங்கள் காணலாம். அது என் கைபட்டுக் கலைந்ததன்று.

6. மறுநாள் காலை பொறுப்பிலிருந்த குழந்தை வழக்கம்போல ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, படத்தோடு வந்து அட்டை இருந்த இடத்தில் நின்றது. பிறகு வெறும் சுவரிலேயே ஒட்டிப் பார்த்தது. சுவர் ஈரமாக இருந்ததால் படம் ஒட்டவில்லை.

7. 16ஆம் தேதி திங்கட்கிழமை, பள்ளி தொடங்கப் பத்து நிமிடம் இருந்தபோது, நான்காவது வரிசைக்கு மேலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. என் இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய துண்டு. அது விழுந்த பெஞ்சில் மூன்று குழந்தைகள் உட்காருவார்கள். கூரையில் அது பெயர்ந்த இடத்தைச் சுற்றிலும் காரை இன்னும் உப்பிக்கொண்டு நிற்கிறது.

8. மறுநாளே குறிப்பாணை வந்தது. காரையைப் பற்றி அல்ல. ‘கற்பனையான வானிலையைக் கற்பித்தது ஏன்’ என்று. குழந்தைகள் தவறாகப் பதிந்துவிட்டனர் என்று நான் நாளைக்குள் எழுதித் தர வேண்டுமாம். “எதுக்கும்மா வம்பு? ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு” என்கிறார் தலைமையாசிரியை. அந்த இரண்டு வரியை நான் எழுதினால், ‘கூரை பழுதுநீக்கப்பட்டது, கசிவு இல்லை’ என்று சென்ற மாதம் வழங்கப்பட்ட சான்றிதழ் உண்மையாகிவிடும். அதே கூரையின் கீழ் முப்பத்து நான்கு குழந்தைகளும் திரும்பப் போய் உட்கார வேண்டியிருக்கும்.

9. அச்சான்றிதழின் அடியில் தங்கள் மேலொப்பம் உள்ளது. அறையைப் பார்க்காமல்தான் ஒப்பமிட்டீர்கள் என்று நம்ப விரும்புகிறேன். பார்த்தபின் ஒப்பமிட்டிருந்தால், இம்மனுவுக்கு நான் செலவிட்ட தாள் வீண்.

10. ஆகவே, அட்டையை அதன் முப்பத்தொரு நாள் பதிவுகளும் சேதமின்றித் திருப்பித் தர வேண்டுகிறேன். நான் அறிந்தவரை அந்தக் கூரையைப் பற்றிய பொய்யில்லாத ஆவணம் அது ஒன்றே. பொறியாளரை அனுப்புவதாக இருந்தால், மழை பெய்த மறுநாள் அனுப்புங்கள். நான்காவது வரிசையில் ஒரு பாடவேளை உட்காரச் சொல்லுங்கள். விளக்கக் கடிதம் தர இயலாது என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

11. திங்கள் முதல் குழந்தைகளை அறைக்குள் விடவில்லை, தாழ்வாரத்தில் வைத்திருக்கிறேன். அங்கே சாரல் அடிக்கிறது. எனவே வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி முதல், மழலையர் வகுப்பு தங்கள் அலுவலக வரவேற்புக் கூடத்தில் நடைபெறும். பெற்றோருக்குத் தகவல் சொல்லியாயிற்று. புதிய அட்டை ஒன்றும் கொண்டுவருகிறோம், அதே இரண்டு பத்திகளோடு. தங்கள் கூடத்தில் பெரிய ஜன்னல் இருப்பதாக அறிகிறேன். ‘வெளியே’ என்ற பத்தியைக் குழந்தைகள் சிரமமின்றி நிரப்புவார்கள். ‘உள்ளே’ என்பதன் கீழ் அங்கே என்ன ஒட்டுவது என்று வாயாடி கேட்டால், தாங்களே நேரில் பதில் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: 19, வியாழன்
இடம்: அறை எண் 3-க்கு வெளியே, தாழ்வாரம்

விளக்கக் கடிதத்தில் இட மறுத்த கையெழுத்தை இங்கே இடும்,
(ஒப்பம்)
மழலையர் வகுப்பு ஆசிரியை

இணைப்பு: ஆய்வுக் குறிப்பின் நகல். காரைத் துண்டு ஒன்று (தனிப் பையில்).