நான் கழுவிய டின்

என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன ஏழுமலை அண்ணே,

நீ போய் ஏழு மாசம் ஆகிறது. திண்டிவனத்தில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. என் பஜ்ஜிக் கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. நாலு மணிக்கு அடுப்பு மூட்டுகிறேன், எட்டு மணிக்கு அணைக்கிறேன். நடுவில் உன் வண்டி ஸ்டாண்டு ஆட்கள் வந்து மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டே உன்னைப் பற்றி ஏதாவது பேசிவிட்டுப் போகிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊரே படிக்கட்டும், எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

உன் லோடு வண்டியை நீ மறந்திருப்பாயா? டீசல் விலை ஏறிய கோபத்தில், என் கடைச் சட்டியில் மிஞ்சிய எண்ணெயைக் காய்ச்சி, எதை எதையோ கலந்து, தெளிய வைத்து, அதிலேயே வண்டியை ஓட்டிக் காட்டினாயே! ஒலக்கூர் ரோட்டில் நீ போனால் புகையெல்லாம் பஜ்ஜி வாசனை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எங்கே கடை என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். "டீசல் போடறவன்லாம் ஏமாளி செல்வி. உங்கடை எண்ணெயிலயே நான் விழுப்புரம் போயிக்கினு வந்துக்கினு இருக்கேன் பாரு" என்று நெஞ்சை நிமிர்த்துவாய்.

அந்த எண்ணெயைக் கேட்டு வேறொருவனும் வந்தான். வாங்கிப் போய் இன்னொரு கடைச் சட்டியில் ஊற்றுகிற ஆள். அவனைத் துரத்திவிட்டு உனக்குத்தான் கொடுத்தேன். பெருமையாகவே கொடுத்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதற்காக உன்னைத் திட்டாமல் விடுவேன் என்று நினைக்காதே. வீட்டுப் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே, விறகடுப்பில் டிரம்மை ஏற்றி எண்ணெய் காய்ச்சுவதா? கோமதி அண்ணி எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டார்கள்! "ஊட்டுக்குள்ள கொள்ளிய வச்சிக்கினு இன்னாத்த சாதிக்கப் போற நீ?" என்று கத்தினார்கள். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உன் முதுகில் நாலு வைக்கலாம் போலிருக்கிறது.

ஆனால் ஒன்று. அசட்டையாக நீ அந்த வேலையைச் செய்யவில்லை. கொதிக்கிற எண்ணெயில் கொஞ்சம் தண்ணீர் போனாலும் பொங்கி வெளியே அடிக்கும் என்று உனக்குத் தெரியும். ஓட்டல்காரர் கொடுத்த எண்ணெய் என்றால் இரண்டு நாள் தெளிய விடுவாய். மேலாக இறுத்து, ஒரு கரண்டி மட்டும் காய்ச்சிப் பார்ப்பாய். சடசடவென்று சத்தம் கேட்டால் தொடவே மாட்டாய். என் டின்னை மட்டும் நீ ஒரு நாளும் சோதித்ததில்லை. "எந்தங்கச்சி எண்ணெயில இன்னாத்தப் பார்க்கறது?" என்று அப்படியே தூக்கிக் கவிழ்ப்பாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காய்ந்துகொண்டிருந்த டிரம்மில் நீ கவிழ்த்தது என் டின்தான். குபீரென்று பொங்கி அடுப்பில் கொட்டி, நெருப்பு உன் மேல் ஏறிவிட்டது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாய். நாலாம் நாள் எங்களை விட்டுப் போய்விட்டாய்.

கருமாதிப் பந்தலில் பெரிய மாமா ஆரம்பித்து வைத்தார். "குடிச்சிட்டு அடுப்பாண்ட போனா வேற இன்னா ஆவும்?" என்றார். கல்யாண வீட்டில் சோடாவுக்கு மேல் எதையும் தொடாத நீயா குடித்தவன்? சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு அழுதார்கள். நான் எழுந்து மாமா சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. ஏன் தெரியுமா? நீ குடித்திருந்தாய் என்று எல்லாரும் நம்பிவிட்டால், டின்னைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆமாம் அண்ணே. அந்த டின்னை முந்தின நாள் நான் கழுவினேன்.

நீ திருப்பி அனுப்பும் காலி டின் எப்போதும் கறுப்பாகப் பிசுக்கேறித்தான் வரும். அப்படியே நிரப்பிக் கொடுப்பேன். அன்றைக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. பிறந்த வீட்டுக்குப் போகிற பாத்திரம் இந்த லட்சணத்திலா போவது என்று, சோப்புத்தூள் போட்டு, வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினேன். கவிழ்த்தும் வைத்தேன். அந்தச் சின்ன வாயில் தண்ணீர் முழுசாக வடியுமா? கடையில் கூட்டம் நின்றது. அவசரத்தில் எண்ணெயை ஊற்றி மூடிவிட்டேன். நீயே வந்து தூக்கிப் போனாய். "டின்னு பளபளன்னு கீது!" என்று சிரித்துவிட்டுப் போனாய்.

இதை ஏழு மாசம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு பஜ்ஜி போட்டேன். அதுவும் அண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! நீ போன பிறகு அண்ணி என் கடைக்குத்தான் வேலைக்கு வருகிறார்கள். வெங்காயம் நறுக்கி, மாவு கரைத்துக் கொடுக்கிறார்கள். அவர்கள் கண்ணில் நீர் வந்தால் வெங்காயத்தினால்தான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

போன வாரம் உன் கூட்டாளி சேகர் இரண்டு டிரைவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"செல்வி, ஏழுமலையோட இன்னொரு டிரம்மு உங்கடையாண்ட சும்மாத்தான கீது? நாங்க எடுத்துக்கினு போறோம். எங்க ஊட்டாண்டயே காய்ச்சலாம்னு இருக்கோம். உங்கடை எண்ணெய எங்களுக்கே குடுத்துடும்மா."

"இன்னா சேகரு, ஒருத்தர் வெந்து செத்தது பத்தலையா உங்களுக்கு?"

"அவன் குடிச்சிருந்தான்மா. நாங்க உஷாரா பண்ணுவோம். எங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். ஜல்லிக் கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டேன்.

"எங்கண்ணன் குடிக்கல! உங்க எல்லாரையும்விட உஷாராத்தான் இருந்துச்சு. அந்த டின்ன கழுவினவ நானு! அதுல தண்ணி நின்னுது, அதான் பொங்குச்சு. என்ன நம்பி ஊத்துச்சு, செத்துச்சு. நாளைக்கு உங்க ஊட்டுலயும் ஒருத்தி சுத்தமா இருக்கட்டும்னு டின்ன கழுவி வெப்பா. அப்ப உங்க உஷாரு இன்னா பண்ணும்? சொல்லுய்யா!"

சேகர் திரும்பி நடந்தான். கூட வந்தவர்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாளே அந்த டிரம்மின் அடியில் ஓட்டை போட்டு, காயலான் கடைக்குத் தள்ளிவிட்டேன். இப்போது மிஞ்சும் எண்ணெயை, பழைய எண்ணெய் வாங்குகிற ஆலையின் வண்டி வந்து எடுத்துப் போகிறது. அங்கேயும் எரிபொருள்தான் செய்கிறார்களாம். அந்த எண்ணெயில் வண்டி ஓடும் என்று நீ சொன்னது பொய்யில்லை அண்ணே. குடியிருக்கிற வீட்டில் காய்ச்சினதுதான் தப்பு. அதில் உன் பங்கை நீ எடுத்துக்கொள், என் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கத்தியை வைத்தார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்கள். மூன்று நாள் வரவில்லை. நான் போய்க் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை.

நேற்று வந்தார்கள். ஒரு கூடை வெங்காயம் நறுக்கி முடிக்கும்வரை ஒரு பேச்சு இல்லை. எனக்குத் தாங்கவில்லை.

"நாலு அடி அடிச்சிடுங்க அண்ணி. இப்படி இருக்காதீங்க."

அண்ணி நிமிர்ந்தார்கள். "ஞாயித்துக்கெழமை பெரிய மாமா பேத்திக்குக் காது குத்து. திருவெண்ணெய்நல்லூருல. கருமாதிக்கு வந்த சனம் அத்தினியும் அங்க வரும். சேகருகிட்ட போட்ட சத்தம் கீதே, அதே சத்தத்த அங்க போடு. உன்கிட்ட பேசறதா வேணாமான்னு அப்புறம் பார்க்கறேன்."

போகப் போகிறேன் அண்ணே. அண்ணனைக் கொன்றவள் என்று அங்கே நாலு பேர் சொல்வார்கள், சொல்லட்டும். நல்ல காரியத்தில் வந்து இதைப் பேசுகிறாளே என்று பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அண்ணி அதற்குப் பிறகும் என்னோடு பேசாமல் போகலாம். அதையும் தாங்கிக்கொள்கிறேன். முதல் பந்தியில் சோறு விழுந்ததும் எழுந்து நிற்பேன். உன்னைக் குடிகாரன் என்ற வாயாலேயே, நீ குடிக்கவில்லை என்று பெரிய மாமா சொல்ல வேண்டும். அதுவரை அந்தப் பந்தலில் ஒருவரையும் இலையில் கை வைக்க விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி,
செல்வி