மேல் சந்தின் பிரதிநிதி

ஆகஸ்ட் 19, புதன்

இன்றைய தெம்பே கட்டிகள் சரியாக இறுகவில்லை. புளிக்கவைக்கும் முன் சோயாவை ஒரு கொதி குறைவாக வேகவைத்துவிட்டேன் போலிருக்கிறது. வாங்கியவர்கள் அப்படியே எடுத்துப் போனார்கள்.

பிற்பகல் குழுக் கூட்டம். நகராட்சியிலிருந்து வரும் ஐயா, பாக் ஹெந்தார்த்தோ, எப்போதும் சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார். இன்று சிரிக்கவில்லை. நம் குடியிருப்பைச் சீர்படுத்தும் திட்டத்தின் நிதியை மேலிடத்தில் பாதியாக வெட்டிவிட்டார்களாம். அதனால் குழுவும் சின்னதாகிறது. குடியிருப்போர் சார்பில் ஐந்து பேர் இருந்தோம், இனி இரண்டே பேர். நானும் பாக் ஜுமாதியும். இருவருமே பெரிய சாலையை ஒட்டிய மேல் சந்து. நடுச் சந்துக்காரர்கள் இருவரையும் எடுத்துவிட்டார்கள். ஆற்றோரக் கீழ்ச் சந்துக்கு இருந்த ஒரே ஆள் முர்ஸிதா, அவளும் இல்லை.

முர்ஸிதா ஒவ்வொரு கூட்டத்திலும் கேள்வி கேட்பாள். நான் ஒரு வருடமாக அங்கே வாயே திறந்ததில்லை. அதனால்தான் என்னை வைத்துக்கொண்டார்களோ?

ஆகஸ்ட் 22, சனி

புது வரைபடத்தைக் காட்டினார்கள். வடிகாலும் உயர்த்திய பாதையும் மேல் சந்துக்கு மட்டும். மற்றதெல்லாம் "அடுத்த கட்டம்". பெரிய சாலையில் போகிறவர்களின் கண்ணில் வேலை பட வேண்டுமாம்.

எழுதக் கூச்சமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் என் பின்னறையில் மூன்று நாள் சாக்கடைத் தண்ணீர் நிற்கும். சோயா மூட்டைகளைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு நாங்கள் பெஞ்சில் படுப்போம். என் கணவர் சுரோத்தோவிடம், என் மாஸிடம், சொன்னேன். "கடைசியில உன் குழுவால நமக்கும் ஒரு புண்ணியம்" என்று தான் ஓட்டும் வேனைத் துடைத்துக்கொண்டே சீட்டியடித்தார்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

முர்ஸிதா தெம்பே வாங்க வந்தாள். என்னை யூ, அக்கா என்றுதான் கூப்பிடுவாள். "யூ, என் பேர எடுத்துட்டாங்க, சரி. வேலை எங்க ஆரம்பிக்குதுன்னு ஏதாவது சொன்னாங்களா?" என்றாள்.

"இன்னும் ஒண்ணும் முடிவாகல" என்றேன். சோயாவைக் கழுவிக்கொண்டே சொன்னேன். தலை நிமிரவில்லை.

ஆகஸ்ட் 29, சனி

வரைபடத்தில் வடிகால் என் வீட்டு வாசலைத் தாண்டி சந்து முனையில் முடிகிறது. அதற்கப்புறம் தண்ணீர் எங்கே போகும்? நாலு நாளாக இதே யோசனை. இன்று பாக் ஹெந்தார்த்தோவை வழியில் பார்த்துக் கேட்டே விட்டேன்.

"இப்போதைக்குப் பழைய சாக்கடையோட சேர்த்துடுவோம், இபு." எந்தப் பெண்ணையும் அவர் இபு, அம்மா என்றுதான் அழைப்பார்.

பழைய சாக்கடை கீழ்ச் சந்து வழியாகத்தான் ஆற்றுக்குப் போகிறது. ஒரு சாண் அகலம். எங்கள் தண்ணீர் முழுக்க ஒரே வேகத்தில் போய் முர்ஸிதா வீட்டுக்குள் நிற்கும். இதைப் புரிந்துகொள்ள இஞ்சினியர் படிப்பா வேண்டும்? பாக் ஜுமாதிக்குத் தெரியாதா? எனக்கு முதல் நாளே தெரியாதா?

செப்டம்பர் 3, வியாழன்

கையெழுத்துக்குத் தாள் வந்தது. "குடியிருப்போரைக் கலந்து ஆலோசித்து அவர்களின் சம்மதத்துடன்..." பாக் ஜுமாதி போட்டுவிட்டார். நான் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். கண்ணாடி பையில்தான் இருந்தது.

வீட்டில் மாஸோடு சண்டை. "மேல் சந்து ஓட்டுலதானே ஜெயிச்ச? மேல் சந்துக்கு நல்லது வருது. கையெழுத்துப் போடறதுக்கு உனக்கென்ன வலிக்குது?"

"மூணு சந்தும்தான் ஓட்டுப் போட்டுச்சு, மாஸ்."

"அப்போ கீழ்ச் சந்துக்கே போய்க் குடியிரு!"

செப்டம்பர் 6, ஞாயிறு

காலையில் பாட்மிண்டன் திடலில் மூன்று சந்துக்காரர்களையும் கூட்டினேன். இதுவரை இப்படிச் செய்ததில்லை. தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன் — நிதி பாதி, வேலை எங்கே, தண்ணீர் எங்கே போகும், கையெழுத்துத் தாள், எல்லாம். பணம் பாதிதான் என்றால் ஆற்றிலிருந்து மேல்நோக்கிக் கட்டிக்கொண்டு வரவேண்டும் என்றேன்.

எங்கள் சந்திலிருந்து ஒருவர், "வாய் இல்லாத பொம்பளைன்னு நினைச்சோம், இப்படி எங்க வாயிலயே மண்ணைப் போட்டுட்டியே!" என்று கத்தினார். பாதிப் பேர் சிரித்தார்கள்.

கீழ்ச் சந்தாவது கைதட்டும் என்று நினைத்தேனா? முர்ஸிதா எழுந்தாள். "யூ, நான் வந்து கேட்டன்னிக்கு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அவ்ளோதான் கேக்கணும்னு நெனச்சேன்." உட்கார்ந்துவிட்டாள்.

கை தூக்கி எண்ணினோம். ஆற்றிலிருந்து ஆரம்பிக்க 74, மேல் சந்திலிருந்து 61. மேல் சந்தில் என்னோடு கை தூக்கியது இன்னும் மூன்று பேர். மாஸ் தூக்கவில்லை.

செப்டம்பர் 17, வியாழன்

அந்த முடிவை எழுதி எடுத்துப் போனேன். நீக்கப்பட்ட மூவரும் என்னோடு வந்தார்கள். பாக் ஹெந்தார்த்தோ, "ரெண்டு நாற்காலிதான் போட்டிருக்கு" என்றார். "பரவால்ல பாக், எங்க வீட்டுலயும் நாற்காலி கிடையாது" என்று முர்ஸிதா கீழே உட்கார்ந்தாள். அவரும் சிரித்துவிட்டார்.

பேசினேன். பாதி வாக்கியத்தில் தடுமாறித் திரும்ப ஆரம்பித்தேன். ஆனால் பேசினேன். கையெழுத்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன், என் கையெழுத்து இல்லாமல். அவர் வரைபடத்தில் ஆற்றிலிருந்து விரலை மேலே நகர்த்தினார். "கீழ இருந்து கட்டினா நடுச் சந்தோட பணம் தீர்ந்துடும். உங்க வீட்டுக்கு வராது, இபு."

"தெரியும், பாக்."

கடைசியில் ஒப்புக்கொண்டார்; மூன்று வாரம் கழித்து ஆற்றங்கரையில் மண் வெட்ட ஆரம்பிப்பார்கள்.

அக்டோபர் 12, திங்கள்

பதினோரு கட்டு தெம்பே மிஞ்சியது. எங்கள் சந்தில் யாரும் வாங்கவில்லை.

அக்டோபர் 15, வியாழன்

நான் செய்தது சரியா? என்னை நிறுத்திய சந்துக்கே எதிராகத்தானே நின்றேன். வாக்கெடுப்பு, வாக்கெடுப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். முடிவு வேறு மாதிரி வந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேனா? தெரியவில்லை. மாஸ் "சோறு போடு", "கதவைச் சாத்து" — இவ்வளவுதான் பேசுகிறார்.

நவம்பர் 8, ஞாயிறு

மேல் சந்துக்காரர்கள் என்னை மாற்றச் சொன்னார்கள். நியாயம்தான், விலகிக்கொண்டேன். என் இடத்துக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது, திட்டிய யாரும் முன்வரவில்லை. ஒருவருக்குக் கடை, ஒருவருக்கு முதுகுவலி. கடைசியில் எல்லாச் சந்தும் சேர்ந்து முர்ஸிதாவைத் தேர்ந்தெடுத்தன. பாக் ஜுமாதி அப்படியே இருக்கிறார். அவர் எப்போதும் இருப்பார்.

டிசம்பர் 13, ஞாயிறு

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. பின்னறையில் கணுக்கால் வரை தண்ணீர். மூட்டைகளைத் தூக்கினோம். சனிக்கிழமை மதியமே தரை தெரிந்தது. கீழ்ச் சந்தில் புது வடிகால் திறந்ததால் இருக்கும். மாஸ் ஈரத் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

இன்று குழுக் கூட்டம். சேறு கழுவ வேண்டியிருந்ததால் நான் போகவில்லை. மாஸ் போனார்! இதுவரை ஒரு கூட்டத்துக்கும் போகாதவர். வந்ததும் துடைப்பத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஹெந்தார்த்தோ வணக்கம் சொல்லி முடிக்கல. முர்ஸிதா எழுந்துட்டா. மேல் சந்துல இன்னும் தண்ணி ஏறுது, அடுத்த காசு எப்போ வந்தாலும் அங்கதான் போகணும், இப்பவே எழுதுங்கன்னுட்டா. எழுதற வரைக்கும் உட்காரவே இல்ல."

"நம்ம சந்துக்காரங்க?"

"தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க."

சாயங்காலம் முர்ஸிதா என் கடையைத் தாண்டிப் போனாள். திடலில் கேட்ட அந்தக் கேள்விக்கப்புறம் அவள் என்னிடம் தெம்பே வாங்கியதில்லை. நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.